கோடா, புள்ளியா? ஒரு ஹெரால்டு காரின் டைமிங் செயின்

இந்த எபிசோடை ஒரு சத்தத்துல இருந்து தொடங்கறேன். தகர டப்பாவுக்குள்ள சில்லறைக் காசு போட்டு ஆட்டினா எப்படிக் கேட்கும்? அந்த மாதிரி ஒரு சத்தம். எங்க வீட்டு 1967 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டோட எஞ்ஜின் முன்பக்கத்துல இருந்து போன வருஷம் வர ஆரம்பிச்சது. ஸ்டார்ட் பண்ணதும் கேட்கும், ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சா அடங்கும், காலை எடுத்தா திரும்ப வரும்.

அப்பா ஷெட் வாசல்லயே நின்னு கேட்டுட்டுச் சொன்னார்: "டைமிங் செயின். உங்க தாத்தா 1983ல மாத்தினது. அப்பவே தப்பா மாட்டிட்டார். அதுக்கப்புறம் இந்த வண்டி ஒரு மேடு ஒழுங்கா ஏறினதில்ல."

எங்க குரோம்பேட்டை வீட்ல இது நாற்பது வருஷத் தீர்ப்பு. தாத்தா கணக்கு வாத்தியார். 1976ல இந்த வண்டியை செகண்ட் ஹேண்டா வாங்கினார். 1986ல குடும்பத்தோட ஏற்காடு போனப்ப பாதி மலையில வண்டி நின்னுபோன கதையை எங்க வீட்டு விசேஷம் ஒவ்வொண்ணுலயும் யாராவது சொல்லுவாங்க. எல்லாரும் சிரிப்பாங்க, தாத்தாவும் கூடச் சிரிப்பார். பதில் சொன்னதே இல்ல. அவர் இப்ப இல்ல.

சத்தம் வந்த மாசமே ஒரு காயலான் கடைக்காரர் வந்து வண்டியைச் சுத்திப் பார்த்து விலை பேசிட்டுப் போயிட்டார். அப்பாவுக்கும் பாதி மனசு வந்துடுச்சு. நான் ஒரு மாசம் டைம் கேட்டேன். செயினை நாமளே வீட்ல மாத்திப் பார்ப்போம், சரியா வரலைன்னா கொடுத்துடலாம்னு பேச்சு.

இன்னைக்கு எபிசோடு அந்த ஒரு மாசத்தைப் பத்தி. ஆனா அந்தச் செயினைப் பிடிச்சு இழுத்தா அதோட சேர்ந்து நிறைய வரலாறு வருது. அதையும் சொல்லியாகணும்.

செயின் எதுக்கு?

கார் எஞ்ஜினுக்குள்ள ரெண்டு தண்டு சுத்துது. கீழ இருக்கிறது கிராங்க் ஷாஃப்ட். பிஸ்டன்கள் மேலும் கீழும் போறதைச் சுழற்சியா மாத்துறது இதுதான். இன்னொண்ணு கேம் ஷாஃப்ட். பெட்ரோலும் காத்தும் உள்ள வர்ற கதவு, புகை வெளிய போற கதவு, இந்த ரெண்டு வால்வுகளையும் நேரம் பார்த்துத் திறந்து மூடுறது அது. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து சுத்தணும். அதனாலதான் கேமோட பல்சக்கரத்துல சரியா ரெண்டு மடங்கு பல் இருக்கும். இந்த ரெண்டு சக்கரத்தையும் கட்டிப்போடுறதுதான் டைமிங் செயின்.

எஞ்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுத்து ஓடுதுன்னு வச்சுக்கோங்க. கிராங்க் ஒரு விநாடிக்கு 50 தடவை சுத்தும், கேம் 25 தடவை. அந்த வேகத்துல ஒரு பல் தவறி மாட்டியிருந்தா, கதவு எல்லாமே தப்பான நேரத்துல திறக்கும். வண்டி ஓடலாம். ஆனா சூடாகும், இழுக்காது, காலையில ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். எங்க அப்பா தாத்தா மேல வச்ச குற்றச்சாட்டு இதுதான்.

செயின் 'நீண்டுபோச்சு'ன்னு மெக்கானிக்குங்க சொல்றதைக் கேட்டிருப்பீங்க. உண்மையில இரும்பு ரப்பர் மாதிரி நீளுறதில்ல. ஒவ்வொரு மூட்டுலயும் ஒரு பின் இருக்கு, அதைச் சுத்தி ஒரு புஷ் இருக்கு. ரெண்டும் உரசி உரசி ஒவ்வொரு மூட்டுலயும் மயிரிழை அளவு தேயுது. அத்தனை மூட்டுலயும் தேய்ஞ்சதைக் கூட்டினா மொத்தச் செயினும் தொளதொளன்னு ஆயிடும். அப்புறம் கேம் கொஞ்சம் பின்தங்கியே சுத்தும். அது உள்பக்கம் தகரத்துல அடிக்கிற ஓசைதான் அந்தச் சில்லறைச் சத்தம்.

சால்ஃபோர்டுல இருந்து அம்பத்தூர் வரைக்கும்

அந்தப் பின், புஷ், ரோலர் அமைப்புக்கு ஒரு பிறந்த வருஷம் இருக்கு. 1880. ஹான்ஸ் ரெனால்டுன்னு ஒரு ஸ்விட்சர்லாந்துக்காரர், 1870கள்ல பிழைப்பு தேடி இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு வந்தவர். 1879ல பக்கத்துல சால்ஃபோர்டுல ஒரு சின்ன செயின் பட்டறையை வாங்கினார். அந்தப் பட்டறை பஞ்சாலை இயந்திரங்களுக்கு செயின் செஞ்சுக்கிட்டிருந்தது. பழைய செயின்ல தேய்மானம் முழுக்க ஒல்லியான பின் மேல விழும், சீக்கிரம் அறுந்துபோகும். ரெனால்டு நடுவுல ஒரு புஷ்ஷை வச்சு அந்தச் சுமையை அகலமாப் பரப்பினார். அடுத்த வருஷமே காப்புரிமை வாங்கினார். உங்க சைக்கிள் செயின், பைக்கோட பின்சக்கரச் செயின், பெரும்பாலான பைக் எஞ்ஜினுக்குள்ள இருக்கிற கேம் செயின், எல்லாத்துக்கும் அடிப்படை அதுதான்.

1903ல ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்துல, எஞ்ஜின்ல இருந்து ப்ரொப்பெல்லருக்குச் சக்தி கொண்டுபோனதும் செயின்தான். அமெரிக்காவோட இண்டியானாபொலிஸ்ல இருந்த டயமண்ட் செயின் கம்பெனியோடது. அதே கம்பெனியோட கூட்டுல 1960ல நம்ம சென்னையில முருகப்பா குழுமம் டி.ஐ. டயமண்ட் செயினை ஆரம்பிச்சது. அம்பத்தூர் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இந்தப் பேர் புதுசா இருக்காது.

ஏன் 1960? அதுக்கு ஒரு பின்னணி இருக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்ச காலம், வெளிநாட்டுப் பெட்டிகள்ல வந்த பாகங்களை இங்க முடுக்கி கார்னு வித்தாங்க. 1953ல டாரிஃப் கமிஷன் பரிந்துரை வந்தது: சும்மா முடுக்குறவங்களுக்கு இடமில்ல, படிப்படியா பாகங்களை இங்கேயே செய்யறவங்க மட்டும் இருக்கலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிட்டாங்க. தங்கினவங்கள்ல ஒருத்தர் வண்டலூர்ல இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ். கார் இங்க தங்கணும்னா அதோட ஸ்பிரிங், பிஸ்டன், செயின் எல்லாமும் இங்க பிறக்கணும். மெட்ராஸைச் சுத்தி உதிரிபாகத் தொழில் இவ்வளவு பெருசா வளர்ந்ததுக்கு அந்த விதியும் ஒரு காரணம்.

ஒரு கம்பெனி கதவைச் சாத்தினதால பிறந்த கார்

இப்ப ஹெரால்டுக்கு வருவோம். இந்த வண்டியை வீட்ல பிரிக்க முடிஞ்சதுக்குக் காரணமே ஒரு வியாபாரச் சண்டைதான்.

ஸ்டாண்டர்ட், இங்கிலாந்தின் கவென்ட்ரியில 1903ல தொடங்கின கம்பெனி. ட்ரையம்ஃபையும் பின்னால வாங்கிக்கிட்டாங்க. அவங்க கார்களுக்கு பாடி செஞ்சு கொடுத்தது ஃபிஷர் அண்டு லட்லோன்னு ஒரு வெளிக்கம்பெனி. 1953ல அந்த பாடி கம்பெனியை போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிடுச்சு. 'இனி உங்க புது காருக்கு பாடி கிடையாது'ங்கிற நிலை. அப்ப உலகமே தனி சேஸிஸ் இல்லாத, பாடியும் அடிச்சட்டமும் ஒண்ணா வெல்ட் பண்ண காருக்கு மாறிக்கிட்டிருந்த நேரம். அதைச் செய்யப் பெரிய பிரெஸ், பெரிய ஆலை வேணும். ஸ்டாண்டர்ட்கிட்ட அது இல்ல.

அதனால அவங்க பின்னோக்கிப் போனாங்க. கீழ தனியா ஒரு சேஸிஸ். மேல பாடியைத் துண்டு துண்டா, வெவ்வேறு ஆலைகள்ல செஞ்சு, போல்ட் போட்டு முடுக்குறது. இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி அதுக்கு அழகான உருவம் கொடுத்தார். 1959 ஏப்ரல்ல ட்ரையம்ஃப் ஹெரால்டு வந்தது. பழைய பாணிதான். ஆனா போல்ட் போட்டு முடுக்குற காரை தூர தேசத்துல சின்ன ஆலையிலயும் கட்டலாம். 1961ல அது வண்டலூர்ல 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' ஆச்சு. எஞ்ஜின் 948 சிசி.

இந்தக் காரோட பானெட்டைப் பார்த்திருக்கீங்களா? மூக்கு, ரெண்டு பக்க மட்காடு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டா முன்பக்கமாச் சாயும். எஞ்ஜின் மூணு பக்கமும் திறந்து கிடக்கும். முன் டயர் மேல உட்கார்ந்துக்கிட்டே வேலை பார்க்கலாம். இன்னைக்கு கார்ல டைமிங் செயின் மாத்தணும்னா எஞ்ஜினை ஒரு பக்கம் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கும். எங்க தாத்தா ஒரு ஸ்டூல், ஒரு டார்ச்லைட், அந்த டார்ச்லைட்டைப் பிடிக்க 14 வயசு மகன், இவ்வளவு வச்சு முடிச்சார்.

ஷெட்டுக்குள்ள

முதல்ல செயின் கிடைக்கணும். ஜி.பி. ரோட்டுல பத்து கடை ஏறி இறங்கினேன். ஒரு பெரியவர் மட்டும் "ஹெரால்டா? இன்னும் வச்சிருக்கியா?"ன்னு கேட்டு டீ வாங்கிக் கொடுத்தார். செயின் இல்ல. கடைசியில, இதே குடும்பத்து எஞ்ஜின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ல 1980 வரைக்கும் வந்ததால, இங்கிலாந்துல இன்னும் அந்தச் செயின் விக்கிறாங்கன்னு தெரிஞ்சு தபால்ல வரவழைச்சேன். கூடவே ஒரு டென்ஷனர் பட்டை, முன்பக்க ஆயில் சீல், பேக்கிங்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஆரம்பிச்சோம். பேட்டரி ஒயரைக் கழட்டு, ரேடியேட்டர் தண்ணியை இறக்கு, ரேடியேட்டரைத் தூக்கு, டைனமோவைத் தளர்த்தி ஃபேன் பெல்ட்டை எடு. கிராங்க் புல்லியோட நடு போல்ட்தான் அசையல. எஞ்ஜினே கூடச் சுத்துது. அப்பாவை உள்ள உட்கார வச்சு, டாப் கியர் போட்டு பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொன்னேன். ஸ்பானர் மேல ஒரு இரும்புக் குழாயைச் செருகி இழுத்ததும் 'டக்'னு விட்டுச்சு.

டைமிங் கவரை எடுத்தோம். கவருக்குள்ள இருந்த டென்ஷனர் பட்டை, வளைஞ்ச ஸ்பிரிங் தகடு, அதுல செயின் ரெண்டு பள்ளம் தோண்டி வச்சிருந்தது. செயினை விரலால ஆட்டினா சேலைத் தலைப்பு மாதிரி ஆடுது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பார்க்காதது சக்கரத்துல இருந்தது. இந்த எஞ்ஜின்ல கம்பெனியே ரெண்டு பல்சக்கரத்துலயும் ஒரு கோடு கீறி வச்சிருக்கும். முதல் பிஸ்டன் உச்சியில இருக்கும்போது ரெண்டு கோடும் ஒண்ணை ஒண்ணு பார்த்து நேரா நிற்கணும். புத்தகத்துல இருக்கிறது அதுதான். நான் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து பார்த்தேன். கிராங்க் சக்கரத்துக் கோடு மேல பார்த்து சரியா நிற்குது. கேம் சக்கரத்துக் கோடு பக்கவாட்டுல நிற்குது, கால் சுத்து தள்ளி. ஆனா கிராங்க் கோட்டுக்கு நேரெதிரே, கேம் சக்கரத்துல கையால பஞ்ச் அடிச்ச ஒரு புள்ளி. கொஞ்சம் கோணலா.

அப்பா குனிஞ்சு பார்த்தார். "நான் சொன்னேன்ல"ன்னார்.

ஆதாரம் ரெண்டு இருந்தா

கம்பெனி போட்ட கோடு ஒரு பக்கம். கணக்கு வாத்தியார் போட்ட புள்ளி இன்னொரு பக்கம். யாரை நம்புவீங்க?

சக்கரத்தை ரெண்டு போல்ட் பிடிச்சிருக்கு. ஆனா ஓட்டை நாலு. அந்த நாலு ஓட்டையும் பல்லோட ஒத்துப்போகாம வேணும்னே தள்ளி இருக்கும். சக்கரத்தைக் கால் சுத்து திருப்பி அடுத்த ஜோடி ஓட்டையில மாட்டினா, டைமிங் அரைப் பல் அளவு மாறும். நுணுக்கமாத் திருத்திக்க கம்பெனியே வச்ச வசதி இது. அதாவது, கோட்டை நேரா வைக்கணும்னா நான் சக்கரத்தைக் கால் சுத்து திருப்பி மாட்டினாப் போதும். கோடு அழகா நிற்கும். அரைப் பல் மாறும். அந்த மாற்றம் தாத்தாவோட தப்பைத் திருத்துமா, இல்ல அவர் சரியா வச்சதைக் கெடுக்குமா?

அதுக்கு ஒரு வழி இருக்கு. கோடும் வேணாம், புள்ளியும் வேணாம், வால்வையே கேட்கிறது. முதல் பிஸ்டன் உச்சியில இருக்கும்போது நாலாவதும் உச்சியில இருக்கும். அங்க ஒரு வால்வு மூடப்போகுது, இன்னொண்ணு திறக்கப்போகுது, ரெண்டும் சமமா இருக்கிற ஒரு கணம். செயினைக் கழட்டிட்டு, நாலாவது சிலிண்டரோட ரெண்டு வால்வுக்கும் டேப்பெட் இடைவெளியை 1 மில்லிமீட்டருக்கு அகலமா வைக்கணும். அப்புறம் கேமை மட்டும் மெதுவாத் திருப்பி, ஃபீலர் கேஜ்ல ரெண்டு இடைவெளியும் ஒரே அளவாகிற இடத்துல நிறுத்தணும். அதுதான் கேமோட உண்மையான நிலை. யாரும் கீறினது இல்ல, உலோகம் தானே சொல்றது.

அப்பா டார்ச் பிடிச்சார். எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. ஒரு பக்கம் சரியானா இன்னொரு பக்கம் நகரும். திரும்பத் திரும்ப அளந்தேன்.

சமமான இடத்துல நிறுத்திட்டு, புதுச் செயினைப் போட்டு, முதல்ல கோட்டை நேரா வச்சுச் சக்கரத்தை மாட்டிப் பார்த்தேன். ஓட்டையும் ஓட்டையும் சேரல. பாதிப் பிறை மாதிரி தெரியுது. போல்ட் உள்ள போகாது. கழட்டி, கால் சுத்து திருப்பி, புள்ளியை நேரா வச்சேன். ரெண்டு போல்ட்டும் விரலாலயே உள்ள போச்சு.

தாத்தா சரி.

அப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னார்: "அன்னைக்கு ராத்திரி அவர் இதேதான் பண்ணார். திரும்பத் திரும்ப அளந்தார். எனக்குத் தூக்கம் வந்துச்சு. அவருக்கு எப்படின்னு தெரியல, அதான் தடவிக்கிட்டு இருக்கார்னு நினைச்சேன்."

இன்னொண்ணும் அப்பதான் ஞாபகம் வந்தது அவருக்கு. அதுக்கு முந்தின நாள் ரெண்டு பேரும் புதுப்பேட்டை போனாங்க. உடைச்சுப் போட்ட ஒரு ஹெரால்டுல இருந்து எடுத்த பல்சக்கரத்தை நியூஸ் பேப்பர்ல சுத்தி வாங்கிட்டு வந்தாங்க. பழசுல பல் தேய்ஞ்சுபோயிருந்துச்சாம்.

புரியுதா? அந்தக் கோடு பொய் சொல்லல. அது வேற ஒரு எஞ்ஜினோட உண்மை. கம்பெனியில அந்தச் சக்கரத்தை எந்த கேம் ஷாஃப்ட்ல மாட்டினாங்களோ, அதுக்காகக் கீறின கோடு. எங்க எஞ்ஜினுக்கு அது செல்லாது. அதைப் புரிஞ்சுக்கிட்ட ஒருத்தர், வால்வை அளந்து, புதுசா ஒரு புள்ளி வச்சார்.

1983

ஏன் அவர் செத்துப்போன வண்டியில இருந்து பாகம் எடுத்தார்? இங்கதான் வீட்டுக் கதையும் நாட்டுக் கதையும் ஒண்ணாகுது. இங்கிலாந்துல ஹெரால்டு 1971ல நின்னுபோச்சு. இங்க அதோட வாரிசான கேஸல் 1977ல நின்னது. அதுக்கப்புறம் வண்டலூர்ல இருந்து பல வருஷம் காரே வரல. 1985ல ஸ்டாண்டர்ட் 2000 வந்து, 1988லயே உற்பத்தி முடிஞ்சது. நடுவுல ஹெரால்டு வச்சிருந்தவங்களுக்கு ஒரு ஹெரால்டு சாகும்போதுதான் இன்னொண்ணுக்கு பாகம் கிடைக்கும்.

அதே 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது. அதுக்குள்ள செயின் இல்ல, பல் வச்ச ரப்பர் பெல்ட். 1962ல ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த உத்தி அது. சத்தமில்ல, எண்ணெய் வேணாம், இத்தனை கிலோமீட்டர்ல மாத்துன்னு கம்பெனியே சொல்லிடும். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லல. ஆனா அங்கிருந்துதான் கார் மெல்ல மெல்ல நம்ம ஷெட்டை விட்டு சர்வீஸ் சென்டருக்குப் போச்சு. தாத்தா மாதிரி ஆட்கள் அளந்து தெரிஞ்சுக்கிட்டது எந்தப் புத்தகத்துலயும் ஏறல. ஒரு புள்ளியா மட்டும் மிஞ்சுச்சு. அந்தப் புள்ளியை நாங்க நாற்பது வருஷமா தப்புன்னு சொல்லிக்கிட்டிருந்தோம்.

ஏற்காடு? அன்னைக்கு வண்டியில ஏழு பேர். 948 சிசி. நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

எல்லாத்தையும் மூடினோம். கையால ரெண்டு முழு சுத்து சுத்தி, புள்ளி திரும்ப அதே இடத்துக்கு வருதான்னு பார்த்தோம். டேப்பெட்டைப் பழைய அளவுக்கு வச்சோம். தண்ணி ஊத்தி, பேட்டரி மாட்டி, சாவியைத் திருப்பினதும் பிடிச்சுக்கிச்சு. சில்லறைச் சத்தம் இல்ல. மறுநாள் காலையில அப்பா எங்கிட்டச் சொல்லாமலே வண்டியை எடுத்துக்கிட்டு பரங்கிமலை வரைக்கும் போய், மேலயும் ஏத்திட்டு வந்தார். காயலான் கடைக்காரர் அடுத்த வாரம் போன் பண்ணப்ப அவரே எடுத்து, "விக்கிறதா இல்லீங்க"ன்னு வச்சுட்டார்.

நான் ஒரு வேலை மட்டும் பண்ணேன். தாத்தா எழுதாம விட்டதை ஒரு அட்டையில எழுதி, டேஷ்போர்டு பெட்டிக்குள்ள ஒட்டி வச்சிருக்கேன். அடுத்த தடவை இந்தச் செயினை யார் மாத்துவாங்கன்னு தெரியாது. அதுல இருக்கிறது இவ்வளவுதான்: 'கேம் சக்கரத்துக் கோடு வேறு வண்டியுடையது. புள்ளியைப் பார். சந்தேகம் வந்தால் நாலாவது சிலிண்டரில் அளந்து பார். 1983ல் தாத்தா வைத்தது சரி.'

உங்க வீட்லயும் இப்படி யாரோ கையால போட்ட ஒரு புள்ளி இருக்கலாம். மிக்ஸியிலயோ, தையல் மெஷின்லயோ, கிணத்து மோட்டார்லயோ. அழிக்கிறதுக்கு முன்னாடி, அது ஏன் அங்க இருக்குன்னு ஒரு தடவை அளந்து பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.